மார்பகப் புற்றுநோயும் மௌனமும்

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால், நெய்கின்றவர் உடனே தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்த பின்னரே மேற்கொண்டு நெய்வார். பாராமல் ஓட்டினால் அக்குறை துணி நெடுகக் கோடாக ஓடும். வயலிலும் அப்படியே, பூச்சி கண்ட அன்றே கவனிப்பவருக்கு மகசூல் மிஞ்சும். தொழிலில் இவ்வளவு விழிப்புடைய நாம், உடலில் தோன்றும் குறையை மட்டும் மறைத்து வைத்துப் பழகிவிட்டோம். நம் வீட்டுப் பெண்கள் தமது வலியை வெளியில் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதை நற்குணமென்று போற்றியும் வருகிறோம். பல இடங்களில் அது நற்குணமாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயில் அதுவே உயிருக்குக் கேடாக முடிகிறது.

இந்நோய் அரியதன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் மட்டும் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்தது. ஏறத்தாழ 98,000 பேர் மாண்டனர். ஆண்களுக்கும் மிகச் சிறுபான்மையாக இது வருவதுண்டு. ஆயினும் இதனைத் தீராத நோய் என்று கருதுவது பிழை. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட இந்தியப் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர் என்று தெரிந்தது. கட்டி மார்பை விட்டுப் பரவாத நிலையில் வந்தவர்கள் மிகுதியாகப் பிழைத்தனர். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் வந்தவர்களோ மிகக் குறைவாகவே பிழைத்தனர். ஆகவே, காலம் தாழ்த்தாமல் சொல்வது முதற் கடமை. சிகிச்சை நடக்கும்போது உடல் படும் தொல்லைகளை அவ்வப்போது சொல்வது இரண்டாவது கடமை. இவ்விரண்டாவது கடமையைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம். நம் பகுதியில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஒரு தாயின் முயற்சி

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ணெதிரே கண்டவர். இந்நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டுமென்று அவர் கேட்டபோது, சாகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணமே பலரிடம் இருந்தது. அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள். 2021இல் தாம் மறையும் வரை டாக்டர் சாந்தா அப்பணியிலேயே இருந்தார். பலர் சேர்ந்து சிறுகச் சிறுகக் கொடுத்துப் பெரியதொன்றை எழுப்பலாம் என்பது கூட்டுறவாளர்களுக்குப் புதிய பாடமன்று. நோயை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற துணிவைத் தமிழ்நாட்டுக்குத் தந்தது அம்முயற்சியே.

முதல் அடையாளங்கள்

மார்பிலோ அக்குளிலோ வலியற்ற கட்டி தோன்றுவதே பெரும்பாலும் முதல் அடையாளம். வலி இல்லை என்பதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். மார்பின் தோல் குழிதல், ஆரஞ்சுத் தோல் போல் தடித்தல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் பெரிதாதல் ஆகியவையும் அடையாளங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. எது புற்று, எது அன்று என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே அறிய வேண்டும். ‘கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்’ என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அப்பேச்சை நம்பிக் காத்திருந்த மாதங்களில் நோய் பரவியதே உண்மை.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியொன்று நமக்குப் பயன்படும். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், குடிசைப் பகுதிப் பெண்களின் மார்பைக் கையால் சோதித்து வந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் அந்த ஆராய்ச்சியில் இருந்தனர். 2021இல் முடிவு வெளியானபோது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே இந்நோயால் நேரும் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது தெரிந்தது. விலையுயர்ந்த கருவி அங்கில்லை. கற்ற கைகளும், கூச்சம் நீங்கிய பெண்களுமே இருந்தார்கள்.

அறுவைக்குப் பின் கையும் தோளும்

கட்டியின் நிலைக்கேற்ப மார்பு முழுவதையும் எடுப்பதுண்டு. கட்டியையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துப் பின் கதிர்ச் சிகிச்சை தருவதும் உண்டு. தக்கவர்களுக்கு இவ்விரு முறையிலும் ஆயுள் ஒன்றே என்று இருபதாண்டுகள் தொடர்ந்த மேல்நாட்டு ஆராய்ச்சிகள் 2002இல் காட்டின. எது தமக்குப் பொருந்தும் என்று மருத்துவரைக் கேட்பது பெண்ணின் உரிமை.

அறுவைக்குப் பின் தோள் இறுகும்; மேற்கையின் உட்பக்கம் மரத்திருக்கும்; எடுக்கப்பட்ட மார்பு இன்னும் இருப்பது போன்ற உணர்ச்சியும் சிலருக்கு வரும். இவையெல்லாம் மனப்பிரமை அல்ல; நரம்புகள் அறுபட்டதன் விளைவு. கையை அசைக்காமல் மடக்கியே வைத்திருப்பதுதான் தவறு. மருத்துவர் அனுமதித்த நாள் முதல், சுவரை நோக்கி நின்று விரல்களை மெல்ல மேலே ஊர்ந்து செல்லவிடுதல், தலையைத் தாமே வாரிக்கொள்ளுதல் போன்ற பயிற்சிகளைத் தினமும் செய்ய வேண்டும். எட்டிய இடத்தைச் சுவரில் கரிக்கோடிட்டு வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு, அந்தப் பக்கத்துக் கை வீங்குவதுண்டு. அறுவை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். வளையல் இறுகுவதும், ரவிக்கைக் கை பிடிப்பதும், கை கனப்பதும் தொடக்கக் குறிகள். அப்பொழுதே காட்டினால் அழுத்தப்பட்டி, தோல் பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றால் கட்டுப்படுத்தலாம். முற்றிய பின் கடினம். கை சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் தொழில்களுக்கு இங்கே சில எச்சரிக்கைகள் தேவை. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் சகோதரிகள் அறிவார்கள், அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அறுவை செய்த பக்கத்துக் கையில் உறையில்லாமல் அவ்வேலை கூடாது. களை பறிக்கையில் முள் குத்தினாலும், அறுவடையில் அரிவாள் பட்டாலும், உடனே சோப்பிட்டுக் கழுவி மருந்திட வேண்டும்.

அதற்காக, ‘இனிக் கையால் ஒன்றும் தூக்காதே, தறிப்பக்கம் போகாதே’ என்று முடக்கிவிடுவதும் சரியன்று. கையை மெல்ல மெல்லப் பழக்கிச் சிறுகச் சிறுகப் பளுவைக் கூட்டினால் வீக்கம் அதிகரிப்பதில்லை என்று அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் ஒரு பெண், முதலில் தார் சுற்றி, பின்னர் அரைமணி நேரம் தறியில் அமர்ந்து, வாரந்தோறும் சிறிது கூட்டிக்கொண்டு போகலாம். வேலைக்குத் திரும்புதல் கூலிக்காக மட்டுமன்று. தாம் பழைய மனுஷியே என்ற உறுதியும் அதனால் வருகிறது.

மருந்தும் கதிரும் தரும் தொல்லைகள்

கீமோதெரபி எனப்படும் மருந்தேற்றும் சிகிச்சையில் எல்லோரும் அஞ்சுவது தலைமுடி உதிர்வதையே. முதல் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கலாம். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் வளரும். உதிர்வதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டு, மென்மையான பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்வது துயரைக் குறைக்கும்.

குமட்டலுக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ‘மருந்தென்றால் வாந்தி வரத்தான் செய்யும்’ என்று பேசாமலிருந்தால் மருத்துவர் அந்த மருந்தை மாற்றவோ கூட்டவோ வழியில்லை. வாய்ப்புண்ணுக்கு உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளித்து, காரம் தவிர்த்து, கஞ்சி போன்ற இளகிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம்.

காய்ச்சலை மட்டும் ஒருபோதும் பொறுத்திருக்கலாகாது. இம்மருந்தால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். உடலுக்குக் காவல் குன்றியிருக்கும். வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுக் காலை வரை படுத்திருப்பது ஆபத்து. ஆகவே, வீட்டில் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும்.

சில மருந்துகளால் கைவிரல்களும் பாதங்களும் மரத்துப் போகும். விரல் நுனியால் இழையை உணர்ந்து பிணைக்கும் நெசவாளிக்கு இது பெருந்துன்பம். இதையும் அடுத்த மருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ மருத்துவரால் இயலும். அதுவரை சூடான பாத்திரத்திலும் கத்தியிலும் கவனம் தேவை. வரப்பில் செருப்பின்றி நடத்தல் கூடாது.

கதிர்ச் சிகிச்சையில் தோல் கறுக்கும், உலரும், சிலருக்கு உரியும். அவ்விடத்தில் தைலமோ மஞ்சளோ மூலிகைச் சாறோ தடவக் கூடாது; மருத்துவமனையில் தரும் களிம்பே போதும். தொளதொளத்த பருத்தி ரவிக்கை நல்லது. ஹார்மோன் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு உடல் திடீரென்று சூடாகி வியர்க்கும். சில மாத்திரைகளால் மூட்டு வலிக்கும். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உட்கொள்ள வேண்டிய மாத்திரை இது. தொல்லை தாளாமல் தாமே நிறுத்திக்கொள்வோருக்கு நோய் திரும்பும் அபாயம் மிகுதி. டமாக்சிபென் மாத்திரை உண்ணும்போது மாதவிடாய் நின்றவர்களுக்கு உதிரம் பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பரவலான தொல்லை அசதி. உறங்கி எழுந்தாலும் நீங்காத அசதி இது. சோம்பல் என்று மாமியாரோ கணவரோ இதனைப் பழிக்கக் கூடாது. முழுநேரமும் படுத்திருந்தால் இது கூடும். தினமும் சிறிது நடந்தால் குறையும் என்பது பல ஆராய்ச்சிகளில் உறுதியானது. மெல்லிய யோகப் பயிற்சியும் உதவும். மாலையில் தெரு முனை வரை ஒரு துணையோடு நடப்பது மருந்துக்கு நிகரான உதவியாகும்.

மனம் தாங்கும் வழிகள்

துன்பத்தை மனிதர் இருவகையாகச் சமாளிக்கின்றனர் என்று லாசரஸ், போக்மன் என்னும் அமெரிக்க உளவியலார் 1984இல் எழுதிய நூலில் விளக்கினர். ஒன்று, துன்பத்தின் காரணத்தை நேரே கவனிப்பது: மருத்துவரைக் கேட்பது, தொல்லைகளை நாள்வாரியாகக் குறித்து வைப்பது, அடுத்த வேளைக்குப் பயண ஏற்பாடு செய்வது ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, மனத்தின் கொதிப்பைத் தணிப்பது: அழுவது, நெருங்கியவரிடம் பேசுவது, பாடுவது, வழிபடுவது இவ்வகை. இரண்டும் வேண்டும். தில்லை நடராசர் சந்நிதியிலும், வடலூர் ஞான சபையிலும், பரங்கிப்பேட்டைத் தர்காவிலும், மாதா கோயில்களிலும் மனம் ஆறி வருவோர் பலர். அந்த ஆறுதல் சிகிச்சையைத் தொடரும் வலிமையைத் தருமாயின் அது பெரும் பேறு. வேண்டுதல் நிறைவேறட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போட்டாலோ, அதே பக்தி கேடாகிவிடும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒன்றுமே இல்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மறைப்பது அது. முதல் சில நாட்களுக்கு அது அதிர்ச்சியைத் தாங்க உதவக்கூடும். வாரக்கணக்கில் நீடித்தால் கெடுதல்.

‘தைரியமாயிருந்தால் நோய் ஓடிவிடும்’ என்று ஆறுதல் கூறுவோர் ஒன்றை அறிய வேண்டும். பிரிட்டனில் 578 பெண்களை ஐந்தாண்டுகள் கவனித்து 1999இல் வெளியான ஆராய்ச்சியில், போராடும் மனப்பான்மை ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கையறு நிலையும் நம்பிக்கையிழப்பும் மிகுந்தவர்களுக்கே தீங்கு காணப்பட்டது. கனடாவில் 2001இல் முடிவு வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நோயுற்ற பெண்கள் ஒன்றுகூடிப் பேசுவதால் ஆயுள் நீளவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. ஆகவே, அழுகின்றவளை ‘அழாதே, நீ அழுவதால்தான் நோய் கூடுகிறது’ என்று குற்றவாளியாக்குவது கொடுமை. அழட்டும், அருகில் இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் உணவும் செல்லாமல், உயிர் வாழ விருப்பமில்லை என்று பேசினால், அதுவும் ஒரு நோய்க்குறியே. மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.

அதே நோயைக் கடந்த பெண்ணின் சொல்லுக்கு மருத்துவர் சொல்லிலும் மிகுந்த வலு உண்டு. 1952இல் மார்பை இழந்த நியூயார்க் பெண்மணி டெரஸ் லாசர், மருத்துவமனையில் படுத்திருந்த பிற பெண்களை நேரிற் கண்டு, கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தும் கயிறும், ரவிக்கைக்குள் வைக்கத் தற்காலிகச் செயற்கை மார்பும் கொடுத்துத் தேற்றினார். அம்முயற்சி இயக்கமாகிப் பல நாடுகளில் பரவியது. இன்று பருத்தி நூலால் பின்னிய இலேசான செயற்கை மார்புகளைத் தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகத் தருகிறார்கள். நூலோடு பிறந்து நூலோடு வாழும் நம் சங்கப் பெண்களுக்கு இக்கலை அரிதன்று.

எங்கே செல்வது

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலைநகரில், 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கடலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் வட்டாரப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் அடையாறு மருத்துவமனையும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து தருகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கும் வலியைத் தணிக்க மருந்துண்டு. வலியோடு கிடப்பது விதியன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சிகிச்சையை நடுவில் விடுவதற்குப் பயமும் பணமும் இரு பெருங் காரணங்கள். கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று வாரமோ அதற்கு மேலோ போய்வர வேண்டியிருக்கலாம். பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தடுத்துவிடும். இங்கேதான் சங்கம் துணை நிற்க வேண்டும். நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்திலுள்ள தொகை குறித்தும், முன்பணம் குறித்தும் செயலாளர் தாமே சென்று விவரம் சொல்லலாம். நோயுற்ற அங்கத்தினரின் பாவை மற்றொருவர் நெய்து முடிக்கவும், நடவு நாளில் அவர் நிலத்துக்குக் கைமாற்றாக ஆள் அனுப்பவும் ஏற்பாடு செய்யலாம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். ஆண்டுக்கொரு முறை சுகாதார நிலையத்தின் பெண் பணியாளரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, திரையிட்ட அறையில் பெண்களுக்குச் சோதனை நடத்தலாம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. இந்நோய் தொற்றாது. தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்க வேண்டாம். குழந்தையை அவள் மடியிலிருந்து இறக்க வேண்டாம். மகளின் திருமணம் தடைப்படுமென்று தாயின் நோயை மறைக்க வேண்டாம். மருத்துவரிடம் செல்லும்போது கணவரே எல்லாவற்றையும் பேசிவிடாமல், அவள் வாயால் சொல்ல இடங்கொடுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் காய்ச்சல், வாந்தி, உறக்கம், கை வீக்கம், மனநிலை ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதிக் கொண்டு போங்கள். படிப்பறியாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரலாம்.

அங்கத்தினர்கள் இக்கட்டுரையை அடுத்த கூட்டத்தில் உரக்கப் படிக்கச் செய்து, வீட்டுப் பெண்களும் கேட்குமாறு செய்வார்களாக. கட்டி ஒன்றைக் கண்டும் சொல்லாதிருக்கும் சகோதரி யாரேனும் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அவள் அன்று மாலையே தன் வீட்டாரிடம் வாய் திறந்தாளாயின், சங்கம் கூடிய பயன் கைகூடியதாகும்.